மலையில் வாசித்த சீறா

பழைய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில், கண்ணாடி பதித்த அலமாரியின் மேல்தட்டில் சீறாப்புராணம் ஒன்று இருக்கக் காணலாம். பட்டுத் துணியால் சுற்றப்பட்டிருக்கும். தூசு படியாமல் துடைக்கப்பட்டிருக்கும். பாட்டனார் வாங்கியது என்று பெருமையோடு சொல்வார்கள். அதில் எந்தப் படலம் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டால் மட்டும் வீட்டில் ஓர் அமைதி நிலவும். இதில் நகைக்க ஒன்றுமில்லை. இந்த அமைதிக்கு என் போன்ற ஆசிரியர்களும் பொறுப்பாளிகள் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நம் மக்கள் இரண்டு சொற்களை வேறு வேறாக வழங்குவர். பிள்ளை மதரஸாவுக்குச் சென்றால் ‘ஓதப் போயிருக்கிறான்’ என்பர். பள்ளிக்கூடம் சென்றால் ‘படிக்கப் போயிருக்கிறான்’ என்பர். ஓதுதல் நன்மை கருதியது. படித்தல் தேர்வு கருதியது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரு நூலைத் தன் மகிழ்ச்சிக்காகத் தானே எடுத்து வாசித்தல் என்பதற்கு நம் வீட்டுப் பேச்சில் தனிச்சொல் இல்லாமற் போயிற்று. ஆனால் அரபி மதரஸாக்களில் அதற்கு ஒரு சொல் உண்டு: ‘முதாலஆ’. நாளைய பாடத்தை இன்றிரவே மாணவன் தானாகப் பார்த்து வைத்துக்கொள்வதை அவ்வாறு அழைப்போம். அதன் வேர்ச்சொல்லாகிய ‘தலஅ’ என்பதற்கு உதித்தல், மேலேறுதல் என்பன பொருள். கதிரவன் உதிப்பதற்கும் அச்சொல்தான். ஒருவன் மலை ஏறுவதற்கும் அச்சொல்தான். உயரத்தில் நின்று ஒரு நிலப்பரப்பை நோக்குவதுபோல நூலை நோக்குதல் என்று கொள்ளலாம். இவ்விளக்கத்தை மாணவர்களுக்குப் பல்லாண்டு கூறி வந்தேன். அதன் சுவையை நானே உணர்ந்தது சென்ற கோடையில், ஏற்காட்டில்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமேல் ஏறினால், ஏரியும் காடும் சேர்ந்து பெயர் பெற்ற அவ்வூர் வரும். வெள்ளையர் ஆட்சியில், 1820ஆம் ஆண்டுகளில், சேலம் மாவட்டக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். இன்றும் சில்வர் ஓக் மரநிழலில் காப்பியும், அம்மரங்களைப் பற்றி மிளகும் வளர்கின்றன. கோடை மழை ஒன்று இரண்டு பெய்தால்தான் காப்பிச் செடி பூக்கும். பூத்தால் தோட்டம் முழுவதும் மல்லிகை மணம். அங்கே உறவினர் வீட்டில் சில நாட்கள் தங்கினேன். மாலையானால் மூடுபனி இறங்கும், மின்சாரம் போகும், கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது. பிள்ளைகள் செய்வதறியாது அமர்ந்திருந்தார்கள். நான் கொண்டு சென்ற சீறாவை மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்தேன்.

முதலிலிருந்தே தொடங்கியது என் பிழை. கடவுள் வாழ்த்தைக் கேட்டார்கள். நாட்டுப் படலத்தில் கொட்டாவி விட்டார்கள். நானோ அங்கேதான் விழித்துக்கொண்டேன். உமறுப் புலவர் அரபு நாட்டை வருணிக்கும்போது மேகம் கடல்நீரைப் பருகி மலைமேல் ஏறுகிறது, மழை பொழிகிறது, வெள்ளம் குறிஞ்சி நிலத்தின் பொருள்களை வாரிக்கொண்டு முல்லைக்கும் மருதத்துக்கும் பாய்கிறது, வயல் விளைகிறது. மக்கத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும், அங்கே நெல்வயல் இல்லை. ஹிரா மலையோ மொட்டைப் பாறை. எனவே இப்பகுதியைக் ‘காப்பிய மரபு’ என்ற இரண்டு சொற்களால் வகுப்பில் கடந்து செல்வது என் வழக்கம். ஏற்காட்டின் சன்னலுக்கு வெளியே உண்மையாகவே மேகம் சரிவில் ஏறிவந்து கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்று விளங்கிற்று. எட்டயபுரத்துக் கரிசலிலும் கீழக்கரை உப்புக்காற்றிலும் வாழ்ந்த புலவர், தம் மண் மிகவும் வேண்டிநின்ற மழையைப் பெருமானார் (ஸல்) பிறந்த நாட்டுக்குக் காணிக்கையாக்கி இருக்கிறார். அதை மரபு என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது புலவருக்கு நாம் செய்யும் அநீதி.

மறுநாள் மாலை வரிசையை விட்டுவிட்டு மானுக்குப் பிணை நின்ற படலத்தை எடுத்தேன். வேடன் ஒருவன் பெண்மானைக் கட்டி வைத்திருக்கிறான். கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வருவதாக மான் மன்றாடுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தாமே பிணையாக நிற்கிறார்கள். போன மான் தன் இனத்திடம் செய்தியைச் சொல்கிறது; போகாதே என்று அவை தடுக்கின்றன; கேளாமல், கன்றையும் உடன்கொண்டு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறி ஈமான் கொள்கிறான். ஒவ்வொரு செய்யுளையும் சந்தி பிரித்து மெதுவாகப் படித்தேன், பொருள் சொல்லவில்லை. புரியாத இடத்தில் மட்டும் அவர்கள் நிறுத்தினார்கள். மான் திரும்பி வருமா என்னும் இடத்தில் ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் ஒன்பது வயதுச் சிறுமி கேட்டாள்: “நன்னா, மானை விட்டுவிட்டானே, அன்றைக்கு இரவு அந்த வேடன் வீட்டில் என்ன சமைத்திருப்பார்கள்?”

இருபத்தைந்து ஆண்டுகள் இப்படலத்தைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, மனப்பாடச் செய்யுள் இரண்டு. மாணவர் மதிப்பெண்ணும் பெற்றனர். இப்படி ஒரு கேள்வியை ஒருவனும் கேட்டதில்லை. கேட்க நான் இடம் வைக்கவில்லை என்பதே உண்மை.

இங்கே ஆலிம்கள் எழுப்பும் ஒரு தடையைப் பேசாமல் விடுவது நேர்மையன்று. இந்த மான் நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் கலை வல்லாரின் கருத்து. ஆகவே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாகாது என்பார் உளர். அவர்கள் கவலை நியாயமானது; பெருமானார் பெயரால் எதையும் சொல்லிவிடக்கூடாது என்ற அச்சம் நமக்கு வேண்டும். ஆயினும் நான் அச்சிறுவர்களுக்கு இரண்டையும் சொன்னேன்: இது புலவர் பாடிய காப்பியம், வரலாற்றுச் சான்றாக இதைக் கொள்வதில்லை, உயிர்களிடத்து நாயகம் காட்டிய கருணைக்கு வலுவான ஹதீஸ்கள் வேறு உள்ளன. பிள்ளைகள் இதை எளிதில் விளங்கிக்கொண்டார்கள். நூலை மறைத்து வைப்பதைவிட, நூலின் தரத்தைச் சொல்லிக் கையில் கொடுப்பதே ஆலிமுக்கு அழகு என்பது என் துணிபு.

இன்பத்துக்காக வாசிப்பது நமக்குப் புதிதுமன்று. நூறு மசலாவையும் பெண்புத்தி மாலையையும் நம் பாட்டிமார் இராகமிட்டுப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்டனர். கண்டியில் ‘முஸ்லிம் நேசன்’ நடத்திய அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் சமுதாயச் சீர்திருத்தத்தில் எவ்வளவு ஆழ்ந்திருந்தும், 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற கதையை எழுதி வெளியிட்டார்கள். தமிழ் நாவலின் தொடக்க காலத்து நூல்களுள் அது ஒன்று. பயன் ஒன்றையே கருதி, சுவையைக் குற்றமாக எண்ணும் மனப்பாங்கு பிறகு வந்தது. இப்போதோ நாளுக்குப் பத்துப் பக்கம், ஆண்டுக்கு ஐம்பது நூல் என்று கணக்கு வைக்கச் சொல்கிறார்கள். தஸ்பீஹ் மணி உருட்டுவதற்கு எண்ணிக்கை தகும். நூலுக்கு அது தகுமா என்று தெரியவில்லை.

சீறாவில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். 5,027 செய்யுட்கள், 92 படலங்கள். அவற்றுள் போர்ப் படலங்கள் சில ஒன்றையொன்று ஒத்திருந்து அயர்வு தரும். அம்பும் குருதியும் திரும்பத் திரும்ப வரும் பக்கங்களை நான் தாண்டிச் செல்கிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. நூலும் பெருமானாரின் இறுதிக்காலம் வரை செல்லாது உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஹிஜ்ரத் பயணத்தைப் படிக்கும்போது, இருளும் குகையும் துரத்திவரும் பகைவரும் சேர்ந்து எந்தத் துப்பறியும் கதைக்கும் குறையாத விறுவிறுப்பை உண்டாக்குகின்றன. மானில் தொடங்கி, ஹிஜ்ரத்துக்குச் சென்று, பிறகு நாட்டுப் படலத்துக்குத் திரும்பினால் வழி எளிதாகும். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்று புலவர் எங்கும் ஆணையிடவில்லை.

1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏட்டுச்சுவடிகளைத் தேடி இந்நூலை அச்சேற்றினார்கள். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள் அதற்கு உரை கண்டார்கள். புலமையாளருக்கு வேண்டியதெல்லாம் செய்தாயிற்று. ஒன்பது வயதுச் சிறுமிக்கு என்ன செய்திருக்கிறோம்? மானுக்குப் பிணை நின்ற படலத்தை மட்டும் பெரிய எழுத்தில், சந்தி பிரித்து, அடிக்குறிப்பில் நாலைந்து சொற்பொருளோடு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் அளவில் நம் பதிப்பகத்தார் ஒருவர் வெளியிடலாம். அதன் முன்னுரையில் அறிவிப்பாளர் தொடர் பற்றிய உண்மையையும் நான்கு வரியில் எழுதிவிடலாம். கேட்பவர் இருந்தால், சந்தி பிரித்துத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.