பேபிஸ்மாஷ்: ஒரு மதிப்பீடு

பேபிஸ்மாஷ், ஸ்காட் ஹான்சல்மேன் 2008இல் வெளியிட்ட மழலையர் கணினி விளையாட்டு. குழந்தை எந்த விசையைத் தட்டினாலும் வண்ண உருவமோ எழுத்தோ ஒலியுடன் திரையில் தோன்றும். வெற்றி, தோல்வி இல்லாததே இதன் சிறப்பு. ஆனால் வழக்கமான விசைப்பலகையில் தோன்றுவது ஆங்கில எழுத்து. உயிர்மெய் எழுத்துகள் மிகுந்த தமிழுக்கு இம்முறை பொருந்தாது எனத் தோன்றலாம். எனினும் தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் 12 உயிரெழுத்துகளும் 18 அகர உயிர்மெய்களும் தனித்தனி விசைகளில் உள்ளன. ஒரு தட்டலுக்கு ஓர் எழுத்தைக் காட்டி ஒலிக்க அவையே போதும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையை உலக சுகாதார அமைப்பு 2019இல் பரிந்துரைக்கவில்லை. ஆகவே, தமிழில் இதை உருவாக்குவோர் வயது வரம்பைக் குறிப்பதோடு, சிறிது நேரத்தில் தானே நின்றுவிடும் வசதியையும் நிரலில் சேர்ப்பது அவசியம்.