மூன்று இலைக்குள் அறிய வேண்டியது

கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள மூதூர், கிண்ணியாப் பகுதிகளில் மாரி வெள்ளாமை தொடங்கிவிட்டால் மாடுகளுக்கு வயல் அடைபட்டுவிடும். அந்த மாதங்களில் பட்டிக்காரருக்குக் கைகொடுக்கக்கூடியது கோ-3 புல். கம்பையும் நேப்பியரையும் கலந்து கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தீனிப்புல் இது. கரணை வேர்பிடிப்பதற்குள், அதே மழையில் களையும் முளைத்துவிடுகிறது.

களையை நாற்றிலேயே இனங்காண வேண்டும் என்று கையேடுகள் சொல்வது சரியே. மூன்று இலைப் பருவத்தில் மண்வெட்டியால் இலேசாகக் கொத்தினாலே வெயிலில் காய்ந்துபோகும் களை, ஒரு மாதம் விட்டால் கூலியாளைக் கேட்கும். குறை, படத்தை நம்பிக் கற்பதில் இருக்கிறது. புல்லினங்கள் இளமையில் ஒன்றைப்போலவே ஒன்று இருக்கும், கைதான் பிரித்தறியும். தீனிச் சோளப் பாத்தியில் நெற்சப்பி முளைத்தால், இலை தண்டோடு சேரும் மடிப்பை விரித்துப் பாருங்கள். சோளத்துக்கு அங்கே மெல்லிய சவ்வு உண்டு, நெற்சப்பிக்கு இல்லை. கோரையின் அடியை விரலிடையில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டும். ஆனால் கோரையை அறிந்ததால் மட்டும் பயனில்லை. பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி துளிர்க்கும். இதைப் படம் சொல்வதில்லை.

இன்னொரு குறை, எல்லாப் பச்சையையும் பகையாகப் பார்ப்பது. வரப்போர அறுகை மாடு விரும்பித் தின்னும். அதற்காக ஏன் முதுகை ஒடிக்க வேண்டும்? மாறாக, பயிர் என்று நம்பும் இளஞ்சோளத்தில்தான் சயனைட் நஞ்சு மிகுதி. கலைத்துப் பிடுங்கிய சோள நாற்றை மாட்டுக்குப் போடலாகாது.

பிழையின்றி அறியவேண்டிய ஒன்று பார்த்தீனியம். 1987இல் வந்த இந்திய அமைதிப்படைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு இலங்கைக்குள் நுழைந்ததாகக் கருதப்படும் இது, 1999இல் வவுனியாவில் அடையாளம் காணப்பட்டது. இளஞ்செடி தண்டெழும்பாமல், கரட் இலைபோல ஆழ வெட்டுண்ட இலைகளைத் தரையோடு பரப்பிக் கிடக்கும். பூக்கவிட்டால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். அதைத் தின்ற மாட்டின் பால் கசக்கும். வெறுங்கையால் தொட்டால் தோல் அரிக்கும்.

நாற்பது களைகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, புல், கோரை, அகன்ற இலை என மூன்றாகப் பிரிக்கவும் பார்த்தீனியத்தைத் தனியே அறியவும் பழகுவது போதும். களை விதை கூடவே வராமலிருக்க, வெளி மாவட்டத்திலிருந்து கரணை வாங்குகிறவர்கள் அடிமண்ணை அங்கேயே உதறிவிட்டு ஏற்றுங்கள். நட்ட பாத்தியை முதல் மாதம் முழுக்கக் கண்காணியுங்கள்.