அழிக்கும் உரிமை யாரிடம்?

2020 ஜூன் 19 இரவு சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. ஹார்டு டிஸ்கில் 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் காவலில் தாக்கப்பட்டுப் பின்னர் இறந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அங்கே அடைபட்டிருந்த அந்த இரவின் பதிவு கிடைக்கவில்லை. அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை அளித்தார். இடம் போதாமல் போன பதிவல்ல அது. கேமரா யாரைக் கண்காணித்ததோ, அவர்கள் கையிலேயே அழிக்கும் உரிமையும் இருந்தது.

பல கணினிகளில் தரவைச் சேமிக்கும் ஹடூப் கிளஸ்டரை அமைப்பவர்களின் ஒரு பழக்கத்தை எடைபோடும்போது இந்த இரவை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் உடனே 'சிஹெச்மோட் 777' போடுவதுதான் அந்தப் பழக்கம். யாரும் படிக்கலாம், எழுதலாம், நுழையலாம்.

அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஹடூப்பில் ஒரே வேலை பல பெயர்களில் ஓடக்கூடும். நாம் ஒரு பயனராக நுழைந்திருப்போம். வேலைகளைப் பகிர்ந்தளிக்கும் யார்ன் வேறு பெயரில் ஓட்டலாம். தரவை அட்டவணைகளாகக் கையாளும் ஹைவ் இன்னொரு பெயரில் கோப்பைத் தேடலாம். திணறும் நேரத்தில், கோளாறு அனுமதியில்தானா என்பதை 777 ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். பார்த்தபின் மூடாமல் விடுவதுதான் கெடுதல். பயனர் யார், கேட்ட உரிமை எது, டைரக்டரி யாருடையது என்பதெல்லாம் பிழைச்செய்தியிலேயே இருக்கிறது. தரவைச் செயலாக்கும் ஸ்பார்க் அடிக்கடி இடறி நிற்கும் ஹைவின் தற்காலிக டைரக்டரியைப் பாருங்கள். பலரும் 777 போடும் அந்த இடத்துக்கு ஹைவ் தானாக வைப்பது 733. எல்லாரும் எழுதலாம், ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிட முடியாது. ஒவ்வொருவரின் உள் டைரக்டரிக்கும் 700, அதாவது அவருக்கு மட்டும். வேலை நடக்க வேண்டிய அளவுக்கு மட்டும் கதவு திறக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின்மேல் அனுமதி வேண்டியதில்லை. அது இருக்கும் டைரக்டரியில் நுழையவும் எழுதவும் உரிமை இருந்தால் போதும். ஆகவே 777 எழுதவந்த எல்லாரையும் அழிக்கவும் விடுகிறது. 1777 என்று ஸ்டிக்கி பிட் சேர்த்தால் அடுத்தவர் கோப்பை அழிக்க முடியாது. சொந்தக்காரர் தன் கோப்பை அழிப்பதை அதுவும் தடுக்காது. சாத்தான்குளத்தில் நடந்தது சொந்தக்காரரே அழிக்கும் இந்த இரண்டாவது வகை.

2020 டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், இயலாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கேமராவின் இயக்கம், பராமரிப்பு, பதிவு மூன்றுக்கும் பொறுப்பு நிலைய அதிகாரியிடமே விடப்பட்டது. மேற்பார்வைக்கு மாவட்டக் குழு உண்டு என்றாலும், இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பதிவு ஹடூப்பில், ஸ்டிக்கி பிட் உள்ள, நிலையத்துக்குச் சொந்தமில்லாத டைரக்டரிக்கு வந்து சேர்ந்த உடனே அதன் உரிமையை நிலையத்தின் பெயரிலிருந்து வேறு பயனருக்கு மாற்ற வேண்டும். ஹடூப்பில் அதைச் செய்யக்கூடியவர் முழு அதிகாரமுள்ள சூப்பர்யூசர் மட்டுமே. கூடவே பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸும் வேண்டும். அது இல்லாத கிளஸ்டரில் யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஹடூப் நம்பிவிடும். அந்தச் சூப்பர்யூசரின் சாவி மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கட்டும். எந்தக் காவல் நிலையத்திலும் இருக்கக் கூடாது.