ஹைரூல் நாட்டின் காலவரிசை: அகச்சான்றும் ஆணையும்

1986ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ வெளியிட்ட ‘செல்டா’ என்னும் வீடியோ விளையாட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஒரு நெடுந்தொடராக வளர்ந்து வந்துள்ளது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி டெசுகாவும் அதனைப் படைத்தவர்கள். ஹைரூல் என்னும் கற்பனை நாடு. லிங்க் என்னும் இளைஞன். செல்டா என்னும் இளவரசி. கானன் என்னும் கொடியோன். பெயர்கள் மாறுவதில்லை. ஆயினும் பெரும்பாலான கதைகளில் ஆட்கள் வேறு, தலைமுறை வேறு. எனவே, எக்கதை முந்தியது, எக்கதை பிந்தியது என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை காணப் புகுந்த ரசிகர்கள் கட்டிய கொள்கைகள் பலப்பல.

விளையாட்டுப் பிள்ளைகளின் வீண்வேலை என்று இவற்றைப் புறந்தள்ளுவாரும் உளர். நமக்கு அஃது உடன்பாடன்று. திறனாய்வில் அகச்சான்று என நாம் போற்றுவது எதுவோ, அதனையே இவ்விளைஞர்கள் நுணுகித் தேடினர். ஒரு சான்று காட்டுவோம்.

1987இல் வந்த இரண்டாம் விளையாட்டில் சில ஊர்கள் வருகின்றன: ராவ்ரு, ரூட்டோ, சாரியா, நபூரு, டருனியா என்பன அவற்றின் பெயர்கள். பதினோராண்டு கழித்து, 1998இல் வந்த ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ விளையாட்டில் இதே பெயர்கள் ஞானியரின் பெயர்களாக வருகின்றன. படைப்போர் பழைய ஊர்ப்பெயர்களை எடுத்துப் புதிய மாந்தர்க்குச் சூட்டினர் என்பது வெளிப்படை. ரசிகரோ இதனைத் தலைகீழாகப் படித்தனர். ஞானியர் முன்னோர்; அவர் நினைவாகவே பின்வந்தோர் ஊர்களுக்குப் பெயரிட்டனர்; ஆகவே 1998இன் கதை 1987இன் கதைக்கு முற்பட்டது என்றனர். எழுதிய வரிசை வேறு, நிகழ்ந்த வரிசை வேறு என்னும் இத்தெளிவு எளிதில் வாய்ப்பதன்று.

இனி, பெருஞ்சிக்கலுக்கு வருவோம். ‘ஆக்கரினா’வின் முடிவில், கொடியோனை வென்ற லிங்கைச் செல்டா அவனது சிறுவயதுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறாள். அப்படியானால் அவன் விட்டுச் சென்ற காலம் என்னாயிற்று? அவன் சென்று சேர்ந்த காலம் என்னாயிற்று? 2002இல் வந்த ‘விண்ட் வேக்கர்’ முதல் வினாவுக்கு விடை தந்தது. அதில் ஹைரூல் கடலுள் மூழ்கிக் கிடக்கிறது; மூழ்கிய கோட்டையின் நிலவறைக் கண்ணாடிச் சாளரங்களில் பழைய ஞானியரின் உருவங்கள் ஒளிர்கின்றன. வீரன் மீண்டும் வரவில்லை என்பதே அக்கதையின் துயரம். 2006இல் வந்த ‘ட்வைலைட் பிரின்சஸ்’ மற்றதற்கு விடை. அங்கே கானொண்டார்ஃப் ஆட்சியைக் கைப்பற்றுமுன்பே பிடிபட்டுக் கொலைத்தண்டனைக்கு உள்ளாகிறான். சிறுவன் திரும்பிவந்து எச்சரித்ததன் விளைவு அது. ஆக, காலம் இரு கிளையாயிற்று. தொடரின் பொறுப்பாளர் எய்ஜி ஆனுமாவும் ‘ஆக்கரினா’வுக்கு இரு முடிவுகள் உண்டெனப் பேட்டியில் ஒப்பினார். இவ்வளவும் சான்று வழியே வந்த முடிபு. இதில் நமக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எஞ்சியது 1991இன் ‘எ லிங்க் டு த பாஸ்ட்’. பண்டைப் போரில் ஞானியர் எழுவர் கானனைச் சிறையிட்டனர் என்கிறது அதன் முன்கதை. புனித வாளை ஏந்தத் தக்க வீரன் உரிய காலத்தில் கிடைக்கவில்லை என்றும் அது கூறுகிறது. ‘ஆக்கரினா’விலோ வாளேந்திய வீரன் கண்முன் நிற்கிறான். எந்தக் கிளையில் வைத்தாலும் இது இடிக்கிறது. ரசிகர்கள் பல்லாண்டு மல்லுக்கட்டிய இடம் இதுவே.

2011 டிசம்பரில் நிறுவனத்தாரின் ‘ஹைரூல் ஹிஸ்டோரியா’ என்னும் நூல் வெளிவந்தது. அது ஒரு மூன்றாம் கிளையை அறிவித்தது: இறுதிப்போரில் லிங்க் தோற்று வீழ்ந்தால் விளையும் காலம். அதில்தான் 1991இன் கதையும் முதலிரு விளையாட்டுகளும் இடம்பெற்றன. முடிச்சு அவிழ்ந்தது, ஆனால் அவிழ்த்த முறை நமக்கு ஏற்புடையதன்று. இரு கிளைகளுக்கும் ‘ஆக்கரினா’வின் முடிவிலேயே காட்சி உண்டு. இம்மூன்றாவதற்கு அதில் காட்சி ஏது? தோல்வி ஒரு கிளையைப் பிறப்பிக்குமாயின், ஆடுவோன் தோற்கும் ஒவ்வோரிடமும் ஒரு கிளையைப் பிறப்பிக்க வேண்டுமன்றோ? இங்கே மட்டும் பிறந்ததற்கு நூல் காரணம் காட்டவில்லை. தோற்றவனின் உலகம் என்னும் கற்பனையில் ஓர் ஆழம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. கையிலுள்ள கருவியைச் சலிப்புடன் கீழே வைத்துவிட்டுப் போகும் சிறுவனின் தோல்வியும் ஒரு நாட்டின் வரலாறாகிறது என்பது நெஞ்சைத் தொடுவதே. ஆனால் அதனைக் கதையாகப் படைத்துக் காட்டியிருக்க வேண்டும். அட்டவணையில் கோடு கிழித்துக் காட்டியது போதாது. அதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. அதுவரை சான்று கேட்டவர்கள் அதன்பின் ‘நூலைப் பார்’ என்ற ஒரு சொல்லோடு வாதத்தை முடிக்கலாயினர்.

அந்நூலோ தன் முடிவில் தானே நிலைக்கவில்லை. 2017இல் வந்த கலைக்களஞ்சியத்தில் ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ கதையின் இடம் மாற்றி வைக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ வரிசையின் கடைசியில் வருமென மறு ஆண்டு அறிவித்தனர்; எக்கிளையின் கடைசி என்பதைச் சொல்லவில்லை. ஆணையிட்டோரே வாய்மூடியதும் ஆராய்ச்சிக்கு மீண்டும் உயிர் வந்தது.

2023இன் ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ அதற்கு நல்ல தீனி. அதில் ஹைரூலை நிறுவிய முதல் மன்னன் காட்டப்படுகிறான். அவன் எல்லாக் காலங்களுக்கும் முந்தியவன் என்பர் ஒரு சாரார். பழைய ஹைரூல் அழிந்தபின் அதே பெயரில் மீண்டும் நிறுவப்பட்ட நாடு அது என்பர் மறுசாரார். நாம் பின்னவரைச் சார்கிறோம். அம்மன்னன் காலத்திலேயே ரீட்டோ என்னும் பறவையினத்தார் வாழ்கின்றனர். ‘விண்ட் வேக்க’ரிலோ நீர்வாழ் சோரா இனத்து ஞானி ஒருத்தியின் வழித்தோன்றலாக ரீட்டோப் பெண் ஒருத்தி வருகிறாள். வழித்தோன்றல் முன்னோர்க்கு முந்துமோ? இக்கட்சிக்கும் ஒரு குறை உண்டு: பழைய நாடு அழிந்த செய்தியை அவ்விளையாட்டில் எவரும் வாய்திறந்து சொல்வதில்லை.

அம்மன்னனின் பெயர் ராவ்ரு. 1987இல் ஊர், 1998இல் ஞானி, 2023இல் அரசன். மன்னன் பெயரை ஞானி பெற்றானா, ஞானியின் பெயரை மன்னன் பெற்றானா என்று ரசிகர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கின்றனர். இம்முறை எந்த நூலும் அவர்களைக் குறுக்கிடாதிருக்கட்டும்.