நூறு பேர் கணக்கு

பதினைந்து மாடி, சூதாட்டக் கூடம், ஓயாத விருந்து. கப்பல் சுற்றுலா என்றதும் இவற்றை நினைத்து முகம் சுளிப்பவர்களையும் அன்டார்க்டிகா போகும் சிறிய கப்பல்கள் இழுத்துவிடுகின்றன. 1966இல் சுற்றுலா நடத்துநர் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் பயணிகளை அங்கே கூட்டிப்போனது முதல் இவை தங்களை உல்லாசக் கப்பல்களாகக் காட்டிக்கொள்வதில்லை; ஆய்வுப் பயணம் என்றே விற்கின்றன. விலையோ உல்லாசக் கப்பலையும் மிஞ்சும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, கப்பலில் எத்தனை பேர் என்பதுதான். அன்டார்க்டிக விதிப்படி ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையிறங்கக் கூடாது; 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையுமே இறக்கக் கூடாது. 100 பேர் போகும் கப்பலில் ரப்பர் படகுகள் எல்லாரையும் ஒரே வேளையில் பெங்குவின்களிடம் சேர்த்துவிடும். 400 பேர் என்றால் முறைவைத்துத்தான் இறங்க வேண்டும். பாதிப் பொழுது காத்திருப்பிலேயே கழியும். அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து டிரேக் நீரிணையைக் கடக்கவே போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மிஞ்சும் பகல்களில் கரையில் கிடைக்கும் நேரத்துக்குத்தான் இத்தனை காசும்.

ஒழுங்கும் மெய்யானது. உடையின் மடிப்பில் ஒட்டிய விதையைத் தூசு உறிஞ்சியால் எடுக்கிறார்கள். காலணியைக் கிருமிநாசினியில் கழுவுகிறார்கள். பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். ஆனால் சிறியது, உறுதியானது என்பதால் ஆபத்து இல்லாமல் போகாது. லிண்ட்பிளாட் இதற்கென்றே கட்டிய கப்பல், 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில், 2007 நவம்பரில் பனியில் மோதி மூழ்கியது. 154 பேரும் பிழைத்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டது அந்தப் பக்கம் வந்த இன்னொரு சுற்றுலாக் கப்பல்.

நேரில் பார்த்தவர்கள் அந்த நிலத்தின் தூதர்களாகத் திரும்புவார்கள் என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. கப்பல் கக்கும் கரி பனியில் படிகிறது. 2016–2020 காலத்தில் ஒவ்வொரு பயணியாலும் சுமார் 83 டன் பனி கூடுதலாக உருகியதாக 2022இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. எந்தத் தூதர் அதை ஈடுகட்டுவார்?

அந்த 100 பேர் விதியிலும் ஓட்டை இருக்கிறது. ஒரு வேளைக்கு வரம்பு உண்டு, ஒரு பருவத்துக்கு இல்லை. கப்பல் சிறுத்தால் கப்பல்கள் பெருகும். 2023–24 பருவத்தில் பயணிகள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். கண்காணிப்பதும் பெரும்பாலும் 1991இல் சுற்றுலா நிறுவனங்களே கூடித் தொடங்கிய சங்கம்தான். கலாபகோஸ் தீவுகளில் எந்தக் கப்பல் எந்த நாள் எங்கே நிற்கலாம் என்பதை ஈக்வடாரின் தேசியப் பூங்கா நிர்வாகமே வகுக்கிறது. அன்டார்க்டிகாவில் மூக்கணாங்கயிறு பிடிக்க அப்படி ஓர் அரசு கிடையாது.