ஸ்டோர்க் கணக்கும் ஆபீஸ் கணக்கும்

மலேசியாவின் பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஸ்டோரிலும் ஆபீசிலும் தனித்தனிச் சம்பளக் கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பால்வெட்டும் அம்மா ஒருவருக்கு இரண்டிலும் 100 வெள்ளி. கிராணி இரண்டு இடத்துக்கும் '5 வெள்ளி கூட்டு' என்று அனுப்புகிறார். மானேஜர் '10 விழுக்காடு உயர்த்து' என்று அனுப்புகிறார். சம்பள மென்பொருளுக்கு நாம் எழுதிக்கொடுத்த நடத்தை இரண்டே. இரு கணக்கிலும் கிராணி செய்தி முதலில் வந்தால் 115.50, மானேஜர் செய்தி முதலில் வந்தால் 115. கிராணியும் மானேஜரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. ஆகவே ஸ்டோரில் ஒரு வரிசையும் ஆபீசில் மறு வரிசையும் நடக்க இடமுண்டு. அப்படி நடந்தால் அந்த அம்மாவின் கூலியில் ஐம்பது சென் இடிக்கும்.

யாரும் கேட்காத இந்த மூன்றாவது நடத்தையை, யார் யாருக்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறார் என்று காட்டும் செய்தி வரைபடங்களிலிருந்தே கண்டுபிடிக்க முடியும் என்று ராஜீவ் அலூரும் இரு சகாக்களும் 2000இல் காட்டினார்கள். விரும்பிய நடத்தையிலிருந்து மாதிரியைத் தானாகக் கட்டும் துறையின் உண்மையான பயன் இதுதான் என்பேன். மாதிரி கைக்கு வருவதைவிட, நம் விவரிப்பில் உள்ள ஓட்டை தெரியவருவது பெரிது.

இதே காரணத்தால் சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த், பி.எஸ்.தியாகராஜன் இருவரும் இலாரியா காஸ்டெல்லானியுடன் சேர்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரையை உயர்வாக மதிக்கிறேன். எந்தச் செயல் யார் கையில் என்று முதலிலேயே கேட்டு, அந்தப் பங்கீட்டுக்குள் மொத்த நடத்தையையும் பிரிக்க முடியுமா என்று அது தீர்ப்பளிக்கிறது. முடியாதென்றால் முடியாது என்கிறது. குறையும் உண்டு: கேட்ட நடத்தையும் கட்டிய நடத்தையும் சமமா என்று நுட்பமாக அளக்கும்போது, கட்டப்படும் அமைப்பு ஒவ்வொரு நிலையிலும் ஒரு செயலுக்கு ஒரே வழியில் நகர்வதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தேவைப்படுகிறது.

பதிவேடுகளிலிருந்து பெட்ரி வலையை, அதாவது வேலைகள் நடக்கும் வரிசையைக் காட்டும் வரைபடத்தை, வரையும் ஆல்பா வழிமுறைக்கு (2004) அந்த மதிப்பைத் தர மாட்டேன். ஒரே வேலை அடுத்தடுத்துத் திரும்பும் குறுஞ்சுழலில் அது தவறுகிறது. தவறினாலும் வலை ஒன்றை நீட்டிவிடுகிறது. பார்ப்பவர் நம்பிவிடுவார்.

எதையும் கட்டித்தரும் பொதுக்கருவி வருமென்று காத்திருக்கவும் வேண்டாம். பங்காளிகள் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாத பொதுநிலையில், கேட்ட நடத்தைக்கு அமைப்பு கட்ட முடியுமா என்பது எந்தக் கணினியாலும் முடிவுசெய்ய இயலாத கணக்கு என்று நுவேலியும் ரோஸ்னரும் 1990இலேயே நிறுவிவிட்டார்கள். ஆனால் கூலிக் கணக்கு போன்ற சிறிய, வரம்புள்ள அமைப்புகளில், யாரும் கேட்காத நடத்தையைத் தேடும் சோதனை கைக்கெட்டும் வேலை. அதை ஓட்டாமல் சம்பள மென்பொருளைத் தோட்டத்தில் இறக்குவதை நான் ஏற்க மாட்டேன். கிராணியின் கூட்டல் இரண்டு கணக்கிலும் ஏறிய பிறகே மானேஜர் அனுப்பலாம் என்று ஒரு செய்தியைச் சேர்த்தால், இரண்டு புத்தகமும் 115.50இல் நிற்கும்.