பதிப்புகளில் எண்ணும் எழுத்தும் மயங்குதல்

சுவடிகளையும் கல்வெட்டுகளையும் பெயர்த்தெழுதுவோர்க்கு இன்று கணிப்பொறியின் சொற்செயலியே எழுத்தாணியாகும். சொற்களின் பாடத்தில் அவர் காட்டும் விழிப்பு, எண்களிலும் கணக்குக் குறியீடுகளிலும் போதிய அளவு காணப்படவில்லை. இக்குறையின் இயல்பையும் அதனால் விளையும் கேட்டையும் ஈண்டு ஆராய்வோம்.

தமிழ் எண்களுட் சில எழுத்துகளோடு வடிவொத்தவை. ஒன்று ககரத்தையும் ஏழு எகரத்தையும் எட்டு அகரத்தையும் ஒக்கும். பின்னங்களுள் கால் வகரத்தை ஒக்கும். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, எட்டையும் காலையும் கூட்டி 'அவ' என வசை கூறுவது இவ்வொப்புமை பற்றியே. பாட்டில் நயமாவது பதிப்பில் மயக்கமாகிறது.

௧ என்னும் எண் வருமிடத்தில் க என்னும் எழுத்தைப் பொறிப்பார் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிக்கோடு குறியேற்றத்திலோ வேறு வேறு. முன்னது ஒன்று என்னும் மதிப்புடையது. பின்னது அம்மதிப்பு இல்லது. ஆகலின் எண்ணைத் தேடுவார்க்கு அது கிட்டாது. சிலர் குறியீட்டைப் படமாக்கி ஒட்டுவர். படம் தேடலுக்கும் சொல்லடைவுக்கும் அகப்படாது. வேறு சிலர், பிறிதோர் எழுத்தின் இடத்தில் குறியீட்டு வடிவை வரைந்த தனி எழுத்துருவைக் கையாள்வர். அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில், நிலவளவு நின்ற இடத்தில் பொருளற்ற எழுத்தே நிற்கும். மா என்பது 1/20. காணி என்பது 1/80. இவை மாறின் கொடைநிலம் நான்கு மடங்கு பெருகும். அல்லது நான்கில் ஒன்றாகச் சுருங்கும். வரலாறு எழுதுவார்க்கு இது சிறு பிழையன்று.

உரிய குறிகள் இல்லாமையால் அவ்வாறு செய்தோம் என்பாரும் உளர். அது பொருந்தாது. நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸ முதலியன 2003ஆம் ஆண்டிலேயே யூனிக்கோட்டில் இடம்பெற்றன. முந்திரியாகிய 1/320 முதலிய பின்னங்களும், முகத்தல், நாணயம், நிலம் பற்றிய குறிகளுமாக 51 குறிகள் 2019இல் சேர்ந்தன. அரைக்கும் வீசத்துக்கும் இவ்விரு வடிவங்கள் தரப்பட்டுள்ளன. மூலத்தில் உள்ளது எதுவென நோக்கி எடுத்தல் பதிப்பாசிரியர் கடன்.

இப்புதிய குறிகளைப் பல எழுத்துருக்கள் காட்டுவதில்லை. வெறுங்கட்டமே தோன்றும் என்னும் தடை ஒன்று உண்டு. அது மெய்யே. எனினும், கட்டத்தின் பின்னே குறி அழியாது நிற்கிறது; தக்க எழுத்துரு வந்தவுடன் வடிவம் வெளிப்படும். பிழையாகப் பொறித்த வகரமோ என்றும் வகரமாகவே நிற்கும். பின்வருவோர் மூலத்தை மீண்டும் காணாது அதனைத் திருத்தல் அரிது. மூலமோ நாளும் சிதைந்து வருவது.

சொற்செயலியின் குறியீட்டுப் பட்டியலிலிருந்து உரிய குறியைத் தெரிந்து செருகுதற்குச் சில நொடிகளே வேண்டும். ஆளப்பட்ட குறிகள், அவற்றின் மதிப்பு, எழுத்துருவின் பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு பதிப்பும் ஆய்வேடும் முன்னுரையிலேயே அட்டவணையாகத் தரல் வேண்டும். ஆய்வேடுகளை மதிப்பிடுவோர் பாடவேறுபாட்டை வினவுவது போலவே இதனையும் வினவுதல் தகும். எண்ணும் எழுத்தும் கண்ணெனப் போற்றும் மரபினர், ஒன்றை மற்றொன்றாகப் பொறித்தல் தகாது என்பதே எம் துணிபு.